வெள்ளியில் ஔவைப் பாட்டி

போன குளிர்காலத்தில் பனி கொட்டிப் பள்ளிக்கு விடுமுறை விட்ட ஒரு நாள். பார்சிப்பனியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை முழுக்கத் தெர்மோகோல் பந்து, பசை, கத்தரிக்கோல், அச்சடித்த காகிதங்கள். நான்காம் வகுப்பு படிக்கும் அக்கா மகன் ஏதாவது ஒரு கோளின் உருண்டையைச் செய்து பள்ளிக்குக் கொண்டுபோக வேண்டும். செவ்வாயை வகுப்பில் பாதிப் பேர் எடுத்துவிட்டார்கள். "சித்தி, எனக்கு வெள்ளிதான் மிச்சம்" என்றான், ஏதோ தண்டனை கிடைத்த மாதிரி.

உருண்டையின் மேல் காகிதத்தை அப்படியே ஒட்டிப் பாருங்கள், சுருக்கம் சுருக்கமாக வரும். அதனால் வரைபடத்தை ஆரஞ்சுச் சுளை மாதிரி, நடுவில் அகலமாகவும் இரண்டு முனைகளில் கூராகவும் பன்னிரண்டு பட்டைகளாக வெட்டி ஒட்ட வேண்டும். இது 500 வருடப் பழைய தந்திரம். 1507இல் மார்ட்டின் வால்ட்ஸீமுல்லர் என்ற ஜெர்மானியர் இப்படிப் பன்னிரண்டு பட்டைகளாக உலக உருண்டை ஒன்றை அச்சிட்டார். நாம் வாழும் நாட்டின் பெயரான "அமெரிக்கா" முதன்முதலில் அச்சில் வந்தது அந்த வருடம், அவர் வெளியிட்ட வரைபடங்களில்தான். அமெரிகோ வெஸ்புச்சி தன் பெயரை வைக்கச் சொல்லிக் கேட்டதாகத் தெரியவில்லை. இங்கே ஏற்கனவே வாழ்ந்த மக்களையும் யாரும் கேட்கவில்லை.

பட்டைகளை ஒட்டி முடித்ததும் பெயர்கள் எழுத வேண்டும். கோள்களிலும் நிலாக்களிலும் உள்ள இடங்களுக்குப் பெயர் வைக்கும் அதிகாரம் சர்வதேச வானியல் ஒன்றியத்திடம் இருக்கிறது. அந்தப் பெயர்களின் முழுப் பட்டியலை இணையத்தில் யாரும் பார்க்கலாம். அதில் வெள்ளியின் பள்ளங்களைத் திறந்து, ஆங்கில அகரவரிசையில் முதல் எழுத்திலிருந்து படித்துக்கொண்டு வந்தோம். இரண்டு நிமிடத்தில் அவன் நிறுத்தினான்.

"சித்தி, இது என்ன? அவ்வியர்?"

பக்கத்தில் இருந்த குறிப்பைப் படித்தேன். தமிழ்ப் பெண் புலவர் என்று போட்டிருந்தது. அவ்வியர் இல்லை, ஔவையார்! சனிக்கிழமை காலையில் தமிழ்ப் பள்ளியில் தூங்கி வழிந்துகொண்டே நாம் எல்லோரும் ஒப்பித்தோமே, அந்த ஆத்திசூடி ஔவையார். வெள்ளியில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர்.

முதலில் சந்தோஷம், அடுத்த நொடியே கோபம். என் பெயரில் ஒரு "ழ" இருக்கிறது. மழலையர் வகுப்பிலிருந்து கல்லூரி வரை வருகைப் பதிவு எடுத்த ஒவ்வொருவரும் அந்த எழுத்து வந்ததும் ஒரு விநாடி நின்று, பிறகு எதையோ ஒன்றைச் சொல்வார்கள். நானும் "இருக்கிறேன்" என்று கை தூக்கிவிடுவேன். திருத்திச் சலித்துப்போய் ஒன்பதாம் வகுப்பில் திருத்துவதையே விட்டுவிட்டேன். இப்போது பார்த்தால் ஔவையாருக்கும் அதே கதி. யார் இந்தப் பெயரை வைத்தார்கள்? ஏன் வெள்ளியில்? அன்று தேட ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை.

பெயர் வைப்பவர் யார்?

தொலைநோக்கி வழியாக நிலாவைப் பார்த்து முதலில் வரைந்தவர் கலிலியோ என்றுதான் பலரும் நினைக்கிறோம். அவருக்குச் சில மாதங்கள் முன்பே, 1609 கோடையில், தாமஸ் ஹாரியட் என்ற ஆங்கிலேயர் லண்டனுக்கு அருகில் வரைந்துவிட்டார். ஆனால் அதை அச்சிடவில்லை. கலிலியோ 1610இல் புத்தகமாகவே போட்டுவிட்டார். பெயர் யாருக்குப் போனது என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்து வந்தது பெயர்ச் சண்டை. 1645இல் ஸ்பெயின் மன்னரின் பணியிலிருந்த லாங்ரென் நிலாவில் அரச குடும்பத்தார் பலரின் பெயரை வைத்தார். 1647இல் ஹெவெலியஸ் அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஆல்ப்ஸ், அப்பினைன் என்று பூமியின் மலைப் பெயர்களைக் கொண்டுபோய் நிலாவில் வைத்தார். 1651இல் இத்தாலியப் பாதிரியார் ரிச்சியோலியும் அவருடைய நண்பர் கிரிமால்டியும் மூன்றாவதாக ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். பள்ளங்களுக்கு வானியல் அறிஞர்களின் பெயர்கள், இருண்ட சமவெளிகளுக்குக் கடல்களின் பெயர்கள். நிலைத்தது அதுதான். 1969இல் ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் இறங்கிய "அமைதிக் கடல்" 1651இல் வைத்த பெயர். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கோப்பர்நிக்கஸின் கருத்தைத் திருச்சபை தடை செய்திருந்த காலம் அது. அப்படியிருந்தும் அந்தப் பாதிரியார் நிலாவின் மிக அழகான பள்ளங்களில் ஒன்றுக்குக் கோப்பர்நிக்கஸின் பெயரை வைத்தார்.

பிறகு 250 வருடங்களுக்கு ஆளாளுக்குப் பெயர் வைத்ததில், ஒரே பள்ளத்துக்கு மூன்று வரைபடங்களில் மூன்று பெயர் என்ற குழப்பம் வந்தது. அதைத் தீர்த்தவர் மேரி பிளாக் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. கல்லூரியில் வானியல் படிக்காமல் தானாகக் கற்றுக்கொண்டவர். எல்லா வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். அவரும் கார்ல் முல்லரும் சேர்ந்து தயாரித்த பட்டியலைத்தான் 1935இல் சர்வதேச வானியல் ஒன்றியம் நிலாவின் முதல் அதிகாரபூர்வப் பெயர்ப் பட்டியலாக வெளியிட்டது.

தவறான வரைபடங்கள்

வரைபடம் என்றால் உண்மை என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். செவ்வாயின் கதை அதற்கு நல்ல மருந்து. 1867இல் ரிச்சர்ட் பிராக்டர் என்ற ஆங்கிலேயர் செவ்வாய் வரைபடத்தில் பெரும்பாலும் தன் நாட்டு வானியலாளர்களின் பெயர்களையே போட்டார். அதில் டாஸ் என்பவருக்கு மட்டும் பல இடங்கள்! 1877இல் இத்தாலியின் ஸ்கியாபரெல்லி அவற்றை நீக்கிவிட்டுப் பழைய புராண, நிலவியல் பெயர்களை வைத்தார். அவற்றில் ஒன்று நம்ம கங்கை. இன்றைக்கும் செவ்வாயின் மாபெரும் பள்ளத்தாக்குத் தொகுதியில் ஒரு பகுதிக்குக் கங்கையின் பெயர்தான்.

அவர் தன் வரைபடத்தில் நீளமான கோடுகளையும் வரைந்து, அவற்றை இத்தாலிய மொழியில் "கனாலி" என்றார். வாய்க்கால், ஓடை என்று எப்படியும் அதற்குப் பொருள் சொல்லலாம். ஆங்கிலத்தில் அது ஆட்கள் வெட்டிய கால்வாய் என்ற பொருளில் போய்விட்டது. வெட்டியது யார்? செவ்வாய்வாசிகள்! அரிசோனாவில் 1894இல் சொந்தமாக ஆய்வகம் கட்டிய பெர்சிவல் லோவெல் நூற்றுக்கணக்கான கால்வாய்களை வரைந்தார். அவற்றைக் காட்டும் உருண்டைகளும் செய்யப்பட்டன. 1965 ஜூலையில் மரைனர் 4 விண்கலம் செவ்வாயைக் கடந்து போகும்போது 21 படங்களும் இன்னொன்றின் ஒரு துண்டும் எடுத்து அனுப்பியது. கால்வாய் ஒன்றுகூட இல்லை. வெறும் பள்ளங்கள்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. 1959 அக்டோபரில் சோவியத் நாட்டின் லூனா 3 நிலாவின் மறுபக்கத்தை முதன்முதலாகப் படம் எடுத்தது. மறுபக்கத்தில் சுமார் 70 சதவீதம்தான் கிடைத்தது. அதை வைத்துச் செய்த நிலா உருண்டையில் மீதி இடத்தை ஒன்றும் வரையாமல் வெறுமையாக விட்டார்கள். தெரியாததைத் தெரியாது என்று விட்டுவைத்த அந்த வெள்ளை இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நம்ம நியூ ஜெர்சிப் பங்கு

இனி வெள்ளிக்கு வருவோம். வெள்ளியை எந்தத் தொலைநோக்கியால் பார்த்தாலும் மேகம்தான் தெரியும், தரை தெரியாது. அப்படியென்றால் அதன் வரைபடம் எப்படி வந்தது?

அந்தக் கதையின் தொடக்கங்களில் ஒன்று நமக்குக் கொஞ்சம் தெற்கே நடந்தது. கார்டன் ஸ்டேட் பார்க்வேயில் போனால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். வால் டவுன்ஷிப்பில், பெல்மார் கடற்கரைக்கு அருகே, ராணுவத்தின் எவான்ஸ் ஆய்வுக்கூடம் இருந்தது. இப்போது அங்கே அருங்காட்சியகம். 1946 ஜனவரி 10 அன்று, ஜான் டிவிட் தலைமையிலான குழு போர்க்கால ரேடார் ஒன்றை மாற்றியமைத்து, நிலாவை நோக்கி ரேடியோ அலையை அனுப்பியது. அந்த ஆன்டெனாவை மேலே தூக்க முடியாது. நிலா உதிக்கும்போதோ மறையும்போதோ மட்டும்தான் குறி வைக்க முடியும். இரண்டரை விநாடி கழித்து எதிரொலி திரும்பி வந்தது. வேறொரு உலகத்தைத் தொட்டுத் திரும்பிய எதிரொலி மனிதர்களுக்குக் கிடைத்தது அன்றுதான்.

1961இல் கலிபோர்னியாவிலிருந்து வெள்ளியிலும் இதைச் செய்துகாட்டினார்கள். ரேடார் அலைக்கு மேகம் ஒரு தடையே இல்லை. கரடுமுரடான தரை அலையைப் பலமாகத் திருப்பி அனுப்பும், அதனால் பிரகாசமாகத் தெரியும். வழவழப்பான தரை இருட்டாகத் தெரியும். 1990 ஆகஸ்டில் வெள்ளியை அடைந்த மகெல்லன் விண்கலம் நான்கு வருடங்கள் சுற்றி, அதன் தரையில் 98 சதவீதத்தை இப்படியே படம் பிடித்தது. நாங்கள் ஒட்டிய ஆரஞ்சு வண்ணப் பட்டைகளும் அந்தப் படங்களிலிருந்து வந்தவைதான். அந்த ஆரஞ்சு, ரேடார் கண்ட நிறம் இல்லை. வெள்ளியில் இறங்கிய சோவியத் கலங்கள் அனுப்பிய படங்களை வைத்துப் பின்னால் சேர்த்த நிறம். இதை நான் சொன்னதும் அக்கா மகன், "அப்போ என் உருண்டை பொய்யா?" என்று கேட்டான். பொய் இல்லை, ஆனால் எது ரேடார் சொன்னது, எது நாம் சேர்த்தது என்று ஒரு சின்ன அட்டையில் எழுதி ஒட்டு என்றேன். ஒட்டினான்.

மகெல்லன் வந்ததும் திடீரென்று பெயர் இல்லாத பள்ளங்கள் நூற்றுக்கணக்கில் கைக்கு வந்துவிட்டன. வெள்ளிக்கு ஒரு விதி உண்டு: எல்லாப் பெயர்களும் பெண்களுடையவையாக இருக்க வேண்டும். விதி வருவதற்கு முன்பே வைத்துவிட்ட மூன்று பெயர்கள் மட்டும் விலக்கு. பெரிய பீடபூமி ஒன்றுக்கு லட்சுமியின் பெயர். சின்னப் பள்ளங்களுக்குப் பல நாடுகளிலும் பெண்களுக்கு வைக்கும் சாதாரணப் பெயர்கள். சுமார் 20 கிலோமீட்டருக்கு மேல் அகலமான பள்ளங்களுக்கு, தங்கள் துறையில் சாதித்து மறைந்த பெண்களின் பெயர்கள். நம்ம ஔவையார் பள்ளம் இந்தப் பெரிய வகையைச் சேர்ந்தது.

அதே பட்டியலில் ஆனந்திபாய் ஜோஷியும் இருக்கிறார். 1883இல் மருத்துவம் படிக்கப் புறப்பட்டு வந்து, நம்ம ரோசெல் ஊரில் கார்ப்பென்டர் குடும்பத்தோடு தங்கி, 1886இல் பிலடெல்பியாவில் பட்டம் வாங்கியவர். அவருடைய குடும்பப் பெயரின் ஆங்கில எழுத்துகள் இன்று நாம் வழக்கமாக எழுதுவது போல இருக்காது. ஆனால் அவர் அப்படித்தான் கையெழுத்திட்டார். வெள்ளியிலும் அப்படியே இருக்கிறது. அவர் பெயரை எப்படி எழுதுவது என்று முடிவு செய்தது அவரே.

பாட்டியின் தீர்ப்பு

திருச்சியில் இருக்கும் என் பாட்டிக்கு போன் போட்டுச் சொன்னேன். "அவ்வியர்னு எழுதியிருக்காங்க பாட்டி, பாதிதான் சரி" என்று புலம்பினேன்.

"அவ்வைன்னும் எழுதலாமே கண்ணு. ஔவைன்னும் எழுதலாம், அவ்வைன்னும் எழுதலாம். ரெண்டும் சரிதான்."

எழுதிப் பார்த்தேன். பாட்டி சொன்னது உண்மை. "அவ்வையார்" என்பதில் "வை", "வி" ஆகியிருக்கிறது. ஒரே ஒரு உயிரெழுத்துதான் இடம் மாறியிருக்கிறது. யாரோ ஒருவர் தமிழ் ஒலியைக் காதால் கேட்டு அல்லது எங்கேயோ படித்து, கிட்டத்தட்ட வந்து சேர்ந்துவிட்டார். என் கோபம் பாதியாகக் குறைந்தது.

"சரி, அது எந்த ஔவையார்?" என்றார் பாட்டி அடுத்து. அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதியமானின் நண்பராக இருந்து, சங்க இலக்கியத்தில் 59 பாடல்கள் பாடிய ஔவையார் ஒருவர். பல நூற்றாண்டுகள் கழித்து, சோழர் காலத்தில் ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் எழுதிய ஔவையார் வேறொருவர். ஒரே பெயரில் இருந்த பல பெண்களை நாம்தான் கோலூன்றிய ஒரே பாட்டியாக நினைவில் வைத்திருக்கிறோம். ஒரு பள்ளத்துக்கு ஒரு பெயர் போதும். ஒரு பெயருக்குள் எத்தனை பேர் என்று எந்த வரைபடமும் சொல்வதில்லை.

"அங்கே ரொம்பச் சூடாமே?" என்றார் கடைசியில். 465 டிகிரி செல்சியஸ் பாட்டி, ஈயம்கூட உருகிவிடும் என்றேன். பாட்டி சிரித்துக்கொண்டே இருந்தார். நாவல் மரத்தடியில் ஔவையாரிடம் முருகன் கேட்ட கதை உங்களுக்கும் தெரியும்: சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா? வெள்ளியில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. எல்லாமே சுட்ட பழம்தான்.

பிறகு நானும் அக்கா மகனும் மற்ற உருண்டைகளில் நம்மவர்களைத் தேடினோம். நிலாவில் திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் பெயரில் ஒரு பள்ளம், 1976இல் வைத்தது. புதனின் பள்ளங்களுக்குக் கலைஞர்கள், எழுத்தாளர்கள், இசைவாணர்களின் பெயர்கள். அங்கே தியாகராஜர் இருக்கிறார்! திருவையாற்றில் தெலுங்கில் பாடிய அவருடைய பள்ளம் கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் அகலம். அதன் தரையில் விசித்திரமான பிரகாசக் குழிகள் இருப்பதை மெசெஞ்சர் விண்கலம் காட்டியது. காவிரிக் கரையிலிருந்து ஒருவர் நிலாவில், ஒருவர் புதனில்.

இவையெல்லாம் மற்றவர்கள் வைத்த பெயர்கள். நாமே வரைபடத்தில் ஏதாவது சேர்த்திருக்கிறோமா? 2019 செப்டம்பரில் சந்திரயான் 2இன் விக்ரம் கலம் நிலாவில் மோதித் தொலைந்துபோனது. நாசாவின் விண்கலம் அந்த இடத்தை எடுத்த படம் செப்டம்பர் 26 அன்று பொதுமக்களுக்கு வெளியானது. சென்னையில் இருந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் அதையும் மோதலுக்கு முந்தைய படங்களையும் ஒப்பிட்டு, புதிதாக ஒரு பிரகாசமான புள்ளி இருப்பதைக் கவனித்து நாசாவுக்கு எழுதினார். படத்தில் அது ஒரே ஒரு பிக்சல். அது சிதறிய துண்டுதான் என்று உறுதிசெய்து, டிசம்பர் 2 அன்று நாசா அவர் பெயரைச் சொல்லியே அறிவித்தது. மேரி பிளாக் செய்த அதே வேலை: பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொறுமையாகப் பார்ப்பது. நான்கு வருடம் கழித்து, 2023 ஆகஸ்ட் 23 அன்று விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான் 3 பத்திரமாக இறங்கியது. இறங்கிய இடத்துக்கு இந்தியா வைத்த சிவசக்தி என்ற பெயரை 2024 மார்ச்சில் வானியல் ஒன்றியம் ஏற்றுக்கொண்டது.

கடைசியாக நம்ம ஊர்

ஔவையாருக்காக நான் கோபப்பட்டபோது ஒரு விஷயத்தை மறந்தே போனேன். "பார்சிப்பனி" என்பதும் அப்படிப்பட்ட பெயர்தான். லெனாபி மக்களின் மொழியில் "பார்சிப்பனாங்" என்றால், பள்ளத்தாக்கில் ஆறு வளைந்து செல்லும் இடம் என்று சொல்கிறார்கள். வந்து குடியேறியவர்கள் காதில் விழுந்ததை எழுதினார்கள். அதன் பிறகு அந்த மக்களை இங்கிருந்து தள்ளித் தள்ளி ஓக்லஹோமா, விஸ்கான்சின், கனடாவின் ஒன்டாரியோ வரை அனுப்பிவிட்டார்கள். அவர்கள் வைத்த பெயர் மட்டும் கடைசியில் ஒரு எழுத்துக் குறைந்து, நெடுஞ்சாலைப் பலகையில் தங்கிவிட்டது. நான் பிறந்து வளர்ந்த ஊர். இத்தனை வருடங்களில் அந்தப் பெயரைச் சரியாக எப்படிச் சொல்வது என்று நான் ஒருமுறைகூட யாரையும் கேட்டதில்லை.

வரைபடத்தில் பெயர் இருந்துவிட்டால் மட்டும் அந்த மனிதர்கள் நினைவில் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. அந்தப் பெயரைப் பார்த்ததும் நிறுத்தி, "இது யார்?" என்று கேட்க ஒருவர் வேண்டும். அன்று மேசையில் அப்படிக் கேட்டது ஒன்பது வயதுப் பையன்.

உருண்டையில் அவன் இரண்டு வரிகள் எழுதினான். மேலே ஆங்கிலத்தில் பட்டியலில் இருந்தபடியே, கீழே தமிழில் "ஔவையார்". "ஔ" போடத்தான் மூன்று தடவை அழித்து எழுதினான். மறுநாள் பள்ளியில் ஆசிரியர் அந்த எழுத்தைப் பார்த்து இது என்ன என்று கேட்டாராம். இவன் சொல்லிக்கொடுத்திருக்கிறான். வகுப்பில் இருந்த எல்லோரும் ஒருமுறை சேர்ந்து சொன்னார்களாம்.

"சரியாச் சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"மூணாவது தடவை சரியாச் சொன்னாங்க சித்தி."

அன்று மாலை ஒரு அலுவலகக் கூட்டத்தில் ஒருவர் என் பெயரில் "ழ" வந்த இடத்தில் நின்றார். பல வருடங்களுக்குப் பிறகு முதன்முறையாக, நான் திருத்தினேன்.